ஆகாதவன்

அன்புள்ள ஐயா,
நண்பர்கள் இருவருக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது. அதைப் பற்றி எழுதும்போது 'எல்லோராலும் வெறுக்கப்பட்டவன்' என்று என்னைக் குறிப்பிட்டேன். 'பிடிக்காதவன்', 'வேண்டாதவன்' எல்லாம் பேச்சுவழக்கு என்கிறார்கள். எது சரி?
ர.

அன்புள்ள ர.,

கொஞ்ச நாளாகவே, 'வெறுக்கப்பட்டவன்' என்பதில் வரும் இந்தப் 'படு' என் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

'வெறுக்கப்பட்டவன்' இலக்கணப் பிழை அல்ல. ஆனால் வெறுத்தல் ஒருவர் செய்வது. பிடிக்காமல் போவது ஒருவருக்கு நேர்வது. 'மக்களால் வெறுக்கப்பட்ட ஆட்சி' என்றால் பொருந்தும். இரண்டு பேரின் மனவிலகலுக்கு இவ்வளவு பெரிய பாறாங்கல்லா? அதையும் உங்கள் தலையிலேயே ஏன் போட்டுக்கொள்கிறீர்கள்?

பிடித்தலுக்குத் தமிழ் 'கு' உருபைத்தான் தந்திருக்கிறது. 'எனக்குப் பிடிக்காதவர்' என்றால் மனக்கசப்பு என்னுடையது. 'என்னைப் பிடிக்காதவர்' என்றால் அவருடையது. உருபு ஒன்று மாறினால் ஆளே மாறிவிடுகிறார். அங்கே 'ஆல்' போட்டு, 'நண்பர்களால் பிடிக்கப்படாதவன்' என்று எழுதிப் பாருங்கள். அவர்கள் கையில் சிக்காமல் ஓடியவன் என்றாகிவிடும்! படித்தவர்களே இப்படி எழுதுகிறார்கள். வேதனையாக இருக்கிறது.

பேச்சுவழக்கு என்ற பேச்சை விடுங்கள். 4ஆம் குறளே இறைவனை 'வேண்டுதல் வேண்டாமை இலான்' என்கிறது. ஆனால் 'வேண்டாதவன்' உங்களுக்குப் பொருந்துமா என்று யோசியுங்கள். 'நமக்கு வேண்டியவர்' என்பதன் எதிர்ப்பக்கம் அது. அதில் ஓரவஞ்சனையின் வாடை உண்டு. 'வேண்டாத பெண்டாட்டி கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம்' என்பார்களே, அந்த வாடை.

எனக்கு உகந்ததாகப் படுவது 'ஆகாது'. 'குளிர் எனக்கு ஆகாது' என்கிறோம். குளிர் மேலும் குற்றமில்லை, உடம்பின் மேலும் இல்லை. இரண்டும் சேரவில்லை, அவ்வளவுதான். 'அவருக்கும் இவருக்கும் ஆகாது' என்று இரண்டு உம்மை வந்தால் மனக்கசப்பு இருபக்கமும். 'அவருக்கு இவரைக் கண்டாலே ஆகாது' என்றால் ஒருபக்கம். 'பிடிக்காது' இந்த இரட்டை உம்மையைத் தாங்காது. 'அவருக்கும் இவருக்கும் பிடிக்காது' என்றால், எது பிடிக்காது என்று அடுத்த கேள்வி வரும்.

'அந்த இருவருக்கும் ஆகாதவன்' என்று திருத்திக்கொள்ளுங்கள். 'எல்லோராலும்' என்பதை அடித்துவிடுங்கள். உங்கள் கடிதத்தில் இருப்பது இரண்டே பேர்.