காரைக்குடியில் இருந்துகொண்டே இன்சூரன்ஸ் சர்வேயர் ஆக முடியுமா? பயிற்சி, லைசென்ஸ் எல்லாம் எப்படி?

கேள்வி கேட்டவர் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, காரைக்குடியில் ஒரு கார் பட்டறையில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறாராம். அடிபட்ட வண்டியைப் பார்க்க வரும் சர்வேயரைக் கவனித்துக் கவனித்து இந்த வேலை மேல் ஆசை வந்திருக்கிறது. 'டிப்ளமோ போதுமா, சென்னைக்குப் போய்த்தான் படிக்க வேண்டுமா, எத்தனை நாள் ஆகும்' என்று கேட்டிருக்கிறார். நானும் பட்டறையில் இருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிப்ளமோ போதும். ஊரை விட்டுப் போகவும் வேண்டாம். ஆனால் ஒரு வருடப் பயிற்சியை உண்மையாகச் செய்ய வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் பக்கம் சர்வேயர் என்றால் தாலுகா ஆபீஸில் இருந்து நிலம் அளக்க வருபவர். என் அம்மாவே ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தார். நம் வேலையின் முழுப் பெயர் 'சர்வேயர் அண்ட் லாஸ் அசெஸர்'. இழப்பு எப்படி நடந்தது, பாலிசியில் அதற்கு இடம் இருக்கிறதா, எவ்வளவு கொடுக்கலாம் என்று பார்த்து எழுதிக் கொடுப்பவர். அமெரிக்காவில் இவரை அட்ஜஸ்டர் என்கிறார்கள். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் லைசென்ஸ் விதி வேறு. சில இடங்களில் சில நாள் வகுப்பும் ஒரு தேர்வும் முடித்தாலே போதும். யூடியூபில் அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு நம் ஊர்க் கணக்கைப் போட வேண்டாம்.

இந்தியாவில் 1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 64யூஎம் பிரிவுதான் இந்தத் தொழிலுக்கு அடிப்படை. வண்டி என்றால் 50,000 ரூபாய், மற்ற இழப்புகள் என்றால் 1 லட்சம் ரூபாய், அதற்கு மேல் போகும் கிளெய்மை லைசென்ஸ் உள்ள சர்வேயர் பார்த்துதான் அறிக்கை கொடுக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ளதைக் கம்பெனி தன் ஆளை வைத்தே பார்த்துக்கொள்ளலாம். உங்கள் பட்டறைக்கு வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகும் எல்லோரும் லைசென்ஸ் சர்வேயர் இல்லை என்பது இதில் இருந்து புரியும்.

யார் வரலாம் என்றால், இன்ஜினியரிங் டிகிரி அல்லது டிப்ளமோ, சி.ஏ., காஸ்ட் அக்கவுண்டன்ட், இன்சூரன்ஸ் படிப்பு முடித்தவர்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. உங்கள் படிப்பு அதில் அடங்கும். துறைகள் தனித்தனி: தீ, மோட்டார், கப்பல் சரக்கு, கப்பல் உடல், இன்ஜினியரிங், தொழில் நின்றுபோவதால் வரும் லாப இழப்பு, இதர வகை, பயிர். பட்டறை அனுபவம் இருப்பதால் மோட்டார் உங்களுக்குக் கைவந்தது. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள், தீயையும் சேர்த்து எடுங்கள் என்பேன். நம் பக்கம் புதுவயலில் வரிசையாக அரிசி ஆலை, காரைக்குடியில் ஜவுளிக் கடை, ஊருக்கு ஊர் பெரிய வீடுகள். தீ பாலிசி என்று பெயர் இருந்தாலும் புயல், வெள்ளம் எல்லாம் அதில்தான் வரும்.

அடுத்து பதிவு. ஐதராபாத்தில் ஐ.ஐ.ஐ.எஸ்.எல்.ஏ. என்று சர்வேயர்களுக்கான நிறுவனம் இருக்கிறது. அதில் மாணவ உறுப்பினராகச் சேர வேண்டும். இன்சூரன்ஸ் துறையைக் கட்டுப்படுத்தும் அமைப்பான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பி.ஏ.பி. என்ற இணைய போர்ட்டலில், பயிற்சி பெறுபவராகப் பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லாமல் யாருடன் எத்தனை மாதம் சுற்றினாலும் அது கணக்கில் சேராது. பிறகு நீங்கள் எடுத்த துறையிலேயே லைசென்ஸ் உள்ள ஒரு மூத்த சர்வேயரிடம் 12 மாதப் பயிற்சி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்னென்ன பார்த்தீர்கள் என்று அறிக்கை போகும். மும்பையில் இருக்கும் இன்சூரன்ஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியா நடத்தும் தேர்வில் எஸ்-01 என்ற பொதுத் தாள் எல்லோருக்கும் உண்டு. அப்புறம் துறைக்கு ஒரு தாள். எல்லாம் முடிந்ததும் அதே போர்ட்டலில் லைசென்ஸுக்கு விண்ணப்பம். முதலில் லைசென்ஷியேட், அனுபவம் கூடக் கூட அசோசியேட், ஃபெல்லோ. லைசென்ஸை 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கட்டணமும் படிவமும் அவ்வப்போது மாறும், விண்ணப்பிக்கும் அன்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்வைப் பற்றி ஒன்று. புத்தகம் ஆங்கிலம். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த எனக்கு முதல் இரண்டு மாதம் தலை சுற்றியது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று உண்மையான பாலிசியைக் கையில் வைத்துப் படித்தேன். அந்த மொழி பழகிய பிறகுதான் பாடப்புத்தகம் புரிந்தது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. பயிற்சிக்கு ஆள் தேடி நான் அலைந்தபோது ஒருவர், 'இவ்வளவு கொடுத்துவிடு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், நீ வரவே வேண்டாம்' என்றார். பட்டறைச் சம்பளத்தை விடாமல் லைசென்ஸ் வாங்கிவிடலாம் என்று மனசு ஒரு வாரம் அலைபாய்ந்தது. நல்ல வேளை, போகவில்லை. தயவுசெய்து நீங்களும் போகாதீர்கள். இந்தத் தொழிலில் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி, பக்கத்தில் நின்று பார்த்தால் மட்டும் கிடைப்பது.

ஒரு உதாரணம். தேவகோட்டை ரோட்டில் ஒரு வேன் வேப்ப மரத்தில் மோதியிருந்தது. முன்பக்கம் நொறுங்கியிருந்தது, இடது கதவும் நசுங்கியிருந்தது. எஸ்டிமேட்டில் இரண்டும் இருந்தன. எனக்குப் பயிற்சி கொடுத்த சர்வேயர், என் குரு, கதவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, நசுங்கிய மடிப்புக்குள் விரலை விட்டுத் தேய்த்துக் காட்டினார். விரலில் செம்மண் தூசியும் துருவும் ஒட்டிக்கொண்டு வந்தன. 'முன்பக்கம் பாரு தம்பி, பெயின்ட் உடைஞ்ச இடத்துல தகரம் வெள்ளையா மின்னுது. கதவு போன மாசமே பட்டது' என்றார். டிரைவரிடம் சத்தம் போடவில்லை. தனியாகக் கூப்பிட்டு, 'இது எப்பப்பா பட்டது?' என்று மட்டும் கேட்டார். அவரும் மறைக்காமல் சொல்லிவிட்டார். கதவு அறிக்கையில் இருந்து வெளியே போனது, முன்பக்கம் முழுசாக உள்ளே வந்தது.

மோட்டாரில் கணக்கு சுலபம், மனப்பாடம் ஆகிவிடும். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்கு 50 சதவீதம் தேய்மானம். ஃபைபர் கிளாஸுக்கு 30. கண்ணாடிக்குத் தேய்மானமே கிடையாது. தகரத்துக்கு வண்டியின் வயசைப் பொறுத்து: ஆறு மாதம் வரை இல்லை, 4 முதல் 5 வருட வண்டிக்கு 35, பத்து வருடத்துக்கு மேல் 50. நாலரை வயசு காருக்கு 6,000 ரூபாய் பிளாஸ்டிக் பம்பர் போட்டால் கிடைப்பது 3,000, 4,000 ரூபாய் தகர ஃபெண்டருக்கு 2,600, 8,000 ரூபாய் முன் கண்ணாடிக்கு முழுசாக 8,000. ஜீரோ டெப் என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் இந்தப் பிடித்தம் பெரும்பாலும் இருக்காது. ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழு இழப்பு. பட்டறையில் இருக்கும்போதே இதைப் போட்டுப் பழகுங்கள்.

தீ துறை அப்படி இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரை ஏறியது. நாகப்பட்டினம், தஞ்சாவூர், புதுக்கோட்டையைச் சாய்த்துப் போட்டுவிட்டு நம் பக்கமும் வந்து போனது. நான் அப்போது பயிற்சியில் இருந்தேன். ஒரு அரிசி ஆலையில் கூரைத் தகடு பறந்து, நெல் மூட்டை அடுக்கின் மேல் ராத்திரி முழுக்க மழை. நாங்கள் போனபோது மேல் மூட்டைகளில் சாக்கு இழையை விலக்கிக்கொண்டு வெள்ளை முளை எட்டிப் பார்த்தது. முதலாளி 'எல்லாம் போச்சு சார்' என்று ஒரே வார்த்தையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

குரு எனக்குக் குத்தூசியைக் கொடுத்து ஒவ்வொரு வரிசையாகக் குத்தச் சொன்னார். மேல் இரண்டு வரிசை சொதசொதவென்று இருந்தது. மூன்றாவதில் ஓரம் மட்டும் ஈரம். நான்காவதில் நெல் கையில் கலகலவென்று உதிர்ந்தது. சுவர் ஓரமாக மட்டும் தண்ணீர் இறங்கி அடி மூட்டை வரை நனைந்திருந்தது. மதியம் ஆரம்பித்து இருட்டும் வரை எண்ணினோம். நனைந்தது ஏறக்குறைய நாலரை லட்சம் ரூபாய்ச் சரக்கு. மாட்டுத் தீவனத்துக்கு விற்றால் ஒன்றரை லட்சம் தேறும். ஆக நஷ்டம் 3 லட்சம்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இருப்புப் பதிவேட்டின்படி அன்றைக்கு 12 லட்சத்துக்குச் சரக்கு. பாலிசியோ 8 லட்சத்துக்கு. சரக்கின் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கிறது என்றால், நஷ்டத்திலும் மூன்றில் இரண்டு பங்குதான் வரும். இதை ஆவரேஜ் என்பார்கள். 3 லட்சம் 2 லட்சம் ஆனது. இயற்கைச் சீற்றத்துக்கு 5 சதவீதம், குறைந்தது 10,000 ரூபாய் பிடித்தம். கடைசியில் 1,90,000.

குரு ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து, முதலாளியையும் பக்கத்தில் உட்கார வைத்து, இந்தக் கணக்கைத் தாளில் வரி வரியாகப் போட்டுக் காட்டினார். அவருக்குக் கோபம் வந்தது. பிரீமியம் குறையும் என்று தொகையைக் குறைத்து எழுதியது ஞாபகம் வந்ததும் பேசாமல் இருந்தார். கிளம்பும்போது, 'யாராச்சும் அப்பவே இப்படி உட்கார்ந்து சொல்லியிருந்தா கட்டியிருப்பேனே' என்றார். அந்தப் பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. நஷ்டப்பட்டவர் முகத்துக்கு நேராகப் படித்துக் காட்ட முடியாத அறிக்கையை நான் எழுதுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். 2021 ஏப்ரலில் சின்னத் தொழில்களுக்காக வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில் இன்சூரன்ஸ் தொகை 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் விட்டுவிடுகிறார்கள், வீடுகளுக்கான பாரத் கிருஹ ரக்ஷாவில் ஆவரேஜே கிடையாது. நல்ல மாற்றம்.

வீடு என்றதும் நம் செட்டிநாட்டு வீடுகள் ஞாபகம் வருகிறது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோனாபட்டு என்று பர்மா தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் சுண்ணாம்புப் பூச்சுமாக நிற்கும் வீடுகள். சதுர அடிக்கு இவ்வளவு என்ற சிமென்ட் வீட்டுக் கணக்கு அங்கே எடுபடாது. ஆத்தங்குடிக் கல்லை கண்ணாடி மேல் ஒவ்வொன்றாகக் கையால் வார்க்கிறார்கள். அதைப் பதிக்கும் கொத்தனார் கூலி, பழைய தேக்கு இன்றைக்கு என்ன விலைக்குப் போகிறது என்பதெல்லாம் உள்ளூர்க்காரனுக்குத்தான் தெரியும். இதில் தேர்ந்த ஆள் இந்தப் பக்கத்துக்கு வேண்டும் என்பது என் ஆசை. சமயம் கிடைக்கும்போது ஆத்தங்குடியில் ஒரு பட்டறையில் போய் உட்கார்ந்து பாருங்கள்.

வருமானத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மாதச் சம்பளம் கிடையாது. கேஸுக்கு இவ்வளவு என்று கம்பெனி கட்டணம் தரும். லைசென்ஸ் வந்த மறுநாளே போன் அடிக்காது, கம்பெனிகள் கேஸ் கொடுக்க வைத்திருக்கும் சர்வேயர் பட்டியலில், அதாவது பேனலில், பெயர் ஏற வேண்டும். எனக்கு முதல் எட்டு மாதம் வீட்டுச் செலவைப் பட்டறைதான் பார்த்துக்கொண்டது. கல்யாணம் ஆனவராக இருந்தால் ஒரு வருடச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். கேஸ் வந்த பிறகு ஓட்டம்தான்: 48 மணி நேரத்துக்குள் இடத்தில் நிற்க வேண்டும், அறிக்கைக்கும் கெடு உண்டு.

இன்னொன்று, நம் ஊரில் இது பெரிய விஷயம். உங்களுக்கோ உங்கள் சொந்தத்துக்கோ சம்பந்தம் இருக்கும் கேஸை எடுக்கக் கூடாது, நடத்தை விதியிலேயே இருக்கிறது. இங்கே பத்து ஊர் போனால் எட்டு ஊரில் ஒரு மாமனோ பங்காளியோ இருப்பார். கல்லல் பக்கம் என் மச்சான் லாரி கவிழ்ந்தபோது கேஸ் என்னிடமே வந்தது. சொந்தம் என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். 'நம்ம ஆளு இருந்து என்ன பிரயோஜனம்' என்று ஒரு பொங்கல் முழுக்க வீட்டில் பேச்சு. வேறு சர்வேயர் பார்த்து நியாயமாகவே கொடுத்தார்.

சரி, நாளைக்கே என்ன செய்யலாம்? உங்கள் பட்டறைக்கு வரும் சர்வேயர்களில் யார் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கிறார், யார் நின்ற இடத்திலேயே எழுதுகிறார் என்று ஒரு மாதம் கவனியுங்கள். குனிந்து பார்ப்பவரிடம் போய்ப் பயிற்சிக்குக் கேளுங்கள். ஒருவர் மறுத்தால் மதுரை, திருச்சி வரை தேடலாம், பஸ்ஸில் போய் வரும் தூரம்தான். அவர் சரி என்றதும் ஒரு பை தயார் செய்யுங்கள். டேப், நல்ல டார்ச், நோட்டு, பேனாக் கத்தி, அப்புறம் ஒரு சின்னக் காந்தம். பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த இடத்தில் காந்தம் சரியாக ஒட்டாது.