கல்யாணச் சாவு என்கிறார்கள், எனக்கு அழுகை நிற்கவில்லை

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு 54 வயது. திருவையாறு பக்கம் ஒரு கிராமம். போன ஐப்பசியில் அப்பா தவறிவிட்டார். 88 வயது. பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடித்தார்கள், வேட்டு போட்டு வழியனுப்பினோம். "கல்யாணச் சாவும்மா, எத்தனை பேருக்குக் கிடைக்கும்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். ஏழு மாதம் ஆகிவிட்டது. இன்னும் அழுகிறேன், அதுவும் கொல்லைப்பக்கம் போய், யாருக்கும் தெரியாமல்.

அப்பா விமான இன்ஜினீயர். கும்பகோணம் கல்லூரியில் பி.எஸ்சி., குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மூன்று வருடம், பிறகு 1995 வரை பெங்களூர் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை. ஜெர்மன்காரர் குர்ட் டாங்க் வடிவமைத்த மாருத் போர் விமானம் 1961 ஜூன் 17 அன்று முதன்முதலாகப் பறந்தபோது கூட்டத்தில் அவரும் நின்றிருந்தாராம். சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கதையை நூறு தடவை கேட்டிருப்போம். ரிட்டையர் ஆனதும் அம்மாவோடு ஊருக்கே வந்துவிட்டார்.

எங்கள் வாசல் கேட்டின் கீலில் நாலு போல்ட். ஆடிக்காற்றில் அடித்து அடித்துக் கழன்றுவிடும். அப்பா ஒவ்வொரு போல்ட் தலையிலும் துளை போட்டு, கம்பியை நுழைத்து, இரண்டு இழையையும் முறுக்கிப் பக்கத்து போல்ட்டோடு கட்டினார். லாக் வயர் என்பார். ஒன்று கழலப் பார்த்தால், கம்பி மற்றதை இறுகும் பக்கமாக இழுக்குமாம். "அங்குலத்துக்கு ஆறிலிருந்து எட்டு முறுக்கு இருக்கணும், எண்ணு பாப்பா" என்று என்னை எண்ண வைத்தார். இப்போது கீல் துருப்பிடித்துவிட்டது. போன வாரம் அண்ணன் வெல்டரைக் கூட்டிவந்தார். கட்டர் அந்தக் கம்பிகிட்டே போனதும் கத்திவிட்டேன். பாவம், அந்தப் பையன் சாமானை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

இன்னொன்று. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின ராத்திரி, "கேஸை மூடிட்டியா பாப்பா" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டார். "எத்தனை தடவைப்பா சொல்றது" என்று சுள்ளென்று விழுந்தேன். அப்புறம் அவர் பேசும் நிலையிலேயே இல்லை. வருஷத் திதிக்கு ஒரு நினைவு மலர் போடலாம், நீதான் எழுதணும் என்கிறார் அண்ணன். நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. எனக்கு ஏதாவது மனநோயா?

— ஒரு வாசகி


அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் எனக்கு நோய் தெரியவில்லை, அப்பாதான் தெரிகிறார். கல்யாணச் சாவு என்பது போனவரைப் பற்றிய பேச்சு. நிறைவாக வாழ்ந்தார், சரி. உங்களுக்கோ பிறந்ததிலிருந்து இருந்த ஒருவர் இல்லை. பழக்கம் 54 வருடம் என்றால் வெற்றிடமும் அந்த அளவுக்குத்தானே இருக்கும்?

துக்கத்துக்கு மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து படிகள் உண்டு என யாராவது வாட்ஸப்பில் அனுப்பியிருந்தால் விட்டுவிடுங்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் அதை எழுதியது, சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளோடு பேசிப் பார்த்து; உங்களைப் போல் ஒருவரை இழந்தவர்களை வைத்து அல்ல. ஸ்ட்ரோப், ஷூட் என்ற ஆய்வாளர்கள் 1999-ல் சொன்னதுதான் நான் தினம் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது: மனசு இழப்புப் பக்கமும் அன்றாட வேலைப் பக்கமுமாகப் போய்ப் போய் வரும். காலையில் அழுகை, பதினோரு மணிக்குக் கரண்ட் பில். அதில் தப்பே இல்லை. கொல்லைப்பக்கம் ஒளிவதுதான் உங்களை வாட்டுகிறது. கூடத்திலேயே அழுங்கள்.

கேஸ் விஷயத்துக்கு வருகிறேன். விமானத்தில் முக்கியமான இடங்களில் வேலை செய்பவர் ஒருவர், சரிபார்த்துக் கையெழுத்துப் போடுபவர் இன்னொருவர். அப்படியே 35 வருடம் இருந்தவர் மூன்று தடவை கேட்பார்தான். மன்னித்திருப்பார் என்று ஜோசியம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அது கடைசியாக வந்துவிட்ட ஒரே காரணத்துக்காக, அத்தனை வருடப் பேச்சின் பாரத்தையும் அந்த ஒரு வரியின் மேல் ஏற்றி வைத்திருக்கிறீர்கள். அண்ணனிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். அவரிடமும் இப்படி ஒரு வரி இருக்கும். அப்பாவிடம் எரிந்து விழாத பிள்ளை உண்டா என்ன?

ஒரே ஒரு எச்சரிக்கை. வருடம் திரும்பிய பிறகும் இந்த ஏக்கம் அநேகமாகத் தினமும் வந்து, தூக்கமும் சாப்பாடும் வீட்டு வேலையும் கெட்டுக்கொண்டே இருந்தால், அதற்கு நீடித்த துக்கம் என்று தனிப் பெயரும் சிகிச்சையும் உண்டு. வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் அதுவரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே 14416-க்குப் பேசுங்கள். டெலி-மானஸ், அரசின் இலவச எண், தமிழிலும் பேசலாம்.

மலர்? படிப்பு, பதவி, மாருத் எல்லாம் அண்ணன் எழுதட்டும். நீங்கள் அந்த நாலு போல்ட்டைப் பற்றி மட்டும் எழுதுங்கள். எனக்கு எழுதிய கடிதத்தில் பாதி வேலை முடிந்துவிட்டது.

துருப்பிடித்த கீலை மாற்றத்தான் வேண்டும். வெல்டரைத் திரும்பக் கூப்பிடுங்கள், கம்பியை நீங்களே வெட்டுங்கள். வெட்டிய லாக் வயரைத் திரும்பப் போட மாட்டார்கள், அந்தத் தொழிலில் அதுதான் வழக்கம். பழைய துண்டை எடுத்து வைத்துக்கொண்டு, புது போல்ட்டுக்குப் புதுக் கம்பி முறுக்குங்கள். அங்குலத்துக்கு எத்தனை என்றுதான் உங்களுக்குத் தெரியுமே.