எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றால் முள்ளந்தண்டில் நரம்புக் கட்டி இல்லை என்று நம்பலாமா?

நம்ப முடியாது. உங்கள் அம்மாவுக்கு நாரி நோவும் கால் விறைப்பும் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். கட்டி பெருத்து, நரம்பு வெளியே வரும் எலும்புத் துவாரத்தை அகலமாக்கினால் ஒழிய அதில் பிடிபடாது. நான் டொக்டர் இல்லை, 'கூகிள் வைத்தியர்' என்று யாரும் கீழே வந்து எழுத வேண்டாம். அம்மாவோடு அலைந்து தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

நாங்கள் களுவாஞ்சிகுடிப் பக்கம். அம்மாவுக்கு நாரியில் தொடங்கித் தொடை வரை இழுக்கும் நோ. ஊரில் எல்லாரும் சொன்னது டிஸ்க். முறிவு வைத்தியரின் எண்ணெய், பிறகு ஒரு தனியார் கிளினிக்கில் எக்ஸ்ரே, ஊசி, "வயசுத் தேய்மானம்". ஆனால் டிஸ்க் நோ படுத்தால் பெரும்பாலும் குறையும். அம்மாவுக்குப் படுத்தால்தான் கூடும். கதிரையில் இருந்தபடி மேசையில் தலையை வைத்துத்தான் தூங்குவார். இதைச் சொன்னபோது அந்த டொக்டர் எழுதிக்கொண்டிருந்த துண்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. பிறகு பார்த்த நரம்பியல் நிபுணரோ முதலில் கேட்டதே "இரவில் எப்படி?" என்றுதான். முழங்காலைத் தட்டிப் பார்த்தார், குதியால் நடக்கச் சொன்னார், எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேன் அறை வாசலில் காப்பு, சேலையில் குத்திய பின் எல்லாம் கழற்றியாயிற்று. தாலிக்கொடிக்கு மட்டும் அம்மா மசியவில்லை. கடைசியில் அதை லேஞ்சியில் முடிந்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களைத் தானே மடக்கிவிட்டுத்தான் உள்ளே போனார்.

எழுதியிருந்தது நாரிப் பகுதிக்கு. கட்டி இருந்ததோ அதற்கு மேலே, முண்ணாண், அதாவது முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டு, முடிகிற இடத்துக்குக் கிட்ட. படத்தின் மேல் ஓரத்தில் தெரிந்ததால் தப்பினோம். ஆகவே எந்தப் பகுதியை எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். பிறகு கட்டியைப் படத்தில் தெளிவாகக் காட்டும் கடோலினியம் என்ற மருந்தை ஊசியில் போட்டு மறுபடி எடுத்தார்கள், அதற்கு முன் சிறுநீரகம் சரியா என்று இரத்தம் சோதித்தார்கள். ஊசி ஏறியதும் கட்டி முழுவதும் வெள்ளையாகத் தெரிந்தது. பிதுங்கிய டிஸ்க் துண்டு என்றால் பெரும்பாலும் ஓரம் மட்டும்தான் வெளுக்குமாம். ரிப்போட்டில் ஷ்வானோமா (நரம்பின் உறையில் வரும் கட்டி) அல்லது மெனிஞ்சியோமா (முண்ணாணைச் சுற்றிய சவ்வில் வரும் கட்டி) என்று இரண்டு பெயர். ஒப்பரேஷனில் எடுத்த கட்டியைச் சோதித்த பிறகுதான் ஷ்வானோமா, புற்றுநோய் இல்லை என்று முடிவானது.

அதற்குள் ஊர் முடிவு கட்டிவிட்டது. ஹோர்லிக்ஸ் போத்தலோடு வந்து அம்மாவின் கட்டிலில் குந்தி, யார் யார் கட்டியில் செத்தார்கள் என்று கணக்குச் சொன்னவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இதை வாசிக்கும் சொந்தக்காரர்கள் கோபித்தாலும் பரவாயில்லை.

சரி, உங்கள் விசயத்துக்கு வருகிறேன். தோலில் பால்கோப்பி நிறப் புள்ளிகளோ, குடும்பத்தில் யாருக்கும் இப்படிக் கட்டிகளோ இருந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீர் அடைத்தாலோ கால் சோர்ந்தாலோ கிளினிக் திகதி வரும் வரை இருக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.