மின்விசிறி சுழலாத கூடத்தில் இரையாத கணினி

கேள்வி: நான் கோத்தகிரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்கள் கூடத்தில் 43 அங்குல 4கே தொலைக்காட்சி இருக்கிறது. சேர்த்துவைத்த படங்களும், வீடியோ கேசட்டிலிருந்து மாற்றிய மகளின் திருமணப் பதிவும் 2 டெராபைட் ஹார்டு டிஸ்க் ஒன்றில் உள்ளன. அதை நேராகத் தொலைக்காட்சியில் செருகினால் சில படங்களுக்கு ஒலியே வருவதில்லை. தமிழ் வசனவரிகள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. மகன் விட்டுச்சென்ற பழைய மேசைக் கணினியை இணைத்துப் பார்த்தேன். எல்லாம் ஓடுகிறது, ஆனால் அது இரையும் இரைச்சலில் படத்தில் மனம் நிற்கவில்லை. 25,000 ரூபாய்க்குள் சிறிய, சத்தமில்லாத கணினி ஒன்றை அமைக்க முடியுமா? மழைக்கால ஈரமும் அடிக்கடி போய்வரும் மின்சாரமும் அதைக் கெடுத்துவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது.

பதில்: முடியும். சென்னையிலோ மதுரையிலோ இருப்பவரைக் காட்டிலும் உங்களுக்கு இது ஒரு வகையில் எளிது, இன்னொரு வகையில் கடினம். சமவெளி வீட்டுக் கூடத்தில் தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றொலிக்குள் கணினியின் இரைச்சல் கரைந்துபோவதால் அது இருப்பதே வீட்டாருக்குத் தெரிவதில்லை. உங்கள் ஊரில் இரவு எட்டு மணிக்குக் கதவைச் சாத்திவிட்டுக் கம்பளியோடு அமர்ந்தால் சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வதுகூடக் காதில் விழும். அந்த அறையில், கட்டைவிரல் அகலத்துக்குச் சற்றே பெரிய விசிறி ஒன்று சுழன்றாலும் கொசு காதருகே நிற்பது போலத்தான் இருக்கும். ஆகவே கடையில் கேட்டுப் பார்த்து ‘சத்தமே இல்லை’ என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். கடைவீதியில் எல்லாக் கணினியும் ஊமைதான்.

முதலில், உங்களுக்கு எவ்வளவு வலிமையான கணினி தேவை என்பதைப் பார்ப்போம். படம் பார்ப்பதற்கு வேகமான செயலி வேண்டும் என்பது பரவலான தவறான எண்ணம். சுருக்கி வைக்கப்பட்ட படத்தை விரித்துக் காட்டும் டிகோடிங் என்ற வேலைக்கென்றே இக்காலச் செயலிகளில் தனிச்சுற்று ஒன்று இருக்கிறது. கோப்பு எந்த முறையில் சுருக்கப்பட்டதோ அந்த முறை அச்சுற்றுக்குத் தெரிந்திருந்தால் செயலி ஏறக்குறைய சும்மா இருக்கும், தெரியாவிட்டால் முழு மூச்சாக உழைத்துச் சூடேறி விசிறியை அலறவைக்கும். உங்கள் மகனின் கணினி இரைவதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாக இருக்கும். இன்டெல் நிறுவனம் 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட என்100 என்னும் சிறிய செயலி எச்.264, எச்.இ.வி.சி., வி.பி.9, ஏ.வி.1 ஆகிய நான்கு முறைகளையும் தனிச்சுற்றிலேயே விரித்துவிடும். அதன் மின் வரையறை 6 வாட் மட்டுமே. ராஸ்பெர்ரி பை 5-ஐச் சிலர் பரிந்துரைப்பார்கள். நல்ல பொருள்தான், ஆனால் அதில் தனிச்சுற்று இருப்பது எச்.இ.வி.சி. முறைக்கு மட்டுமே, மற்றவற்றைச் செயலியே சுமக்க வேண்டும். பலவகைக் கோப்புகள் கலந்து கிடக்கும் உங்கள் சேகரிப்புக்கு நான் என்100-ஐயே தேர்ந்தெடுப்பேன்.

இந்தச் செயலியோடு, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதான பெட்டிகள் பல பெயர்களில் விற்கப்படுகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் சிறிய விசிறி ஒன்று இருக்கும். உங்களுக்கு வேண்டியது விசிறியே இல்லாத வகை. வெளி உடல் முழுவதும் அலுமினியத் தகடுகள் வரிவரியாக நிற்கும், அவையே சூட்டை வெளியேற்றும். வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: 8 ஜி.பி. நினைவகமும் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. சேமிப்பும் பொருத்தியே வர வேண்டும், எச்.டி.எம்.ஐ. வாய் 2.0 அல்லது அதற்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும், ஏனெனில் பழைய 1.4 வகை 4கே படத்தை நொடிக்கு 30 சட்டங்களுக்கு (ஃபிரேம்களுக்கு) மேல் அனுப்பாது. கம்பி வலையமைப்புக்கான துளை கிகாபிட் வேகத்தில் இருக்க வேண்டும். ‘பேர்போன்’ என்று எழுதியிருக்கும் பெட்டியின் விலை கண்ணைக் கவரும், ஆனால் அதற்குள் நினைவகமும் சேமிப்பும் இருக்காது. அவற்றைத் தனியே வாங்கினால் கணக்கு ஏறிவிடும்.

மலையின் காற்று இதற்கு ஒத்துவருமா என்ற ஐயம் நியாயமானது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். மெலிந்த காற்று குறைவாகவே சூட்டை வாங்கிச் செல்லும். எனினும் சென்னையில் 32 பாகையில் இருக்கும் அறை உங்களிடம் 17 பாகையில் இருப்பதால், மெலிந்த காற்றால் வரும் இழப்பைக் குளிர் ஈடுகட்டி மேலும் மிச்சம் வைக்கிறது. ஹார்டு டிஸ்க்குகளும் பொதுவாக 3,000 மீட்டர் உயரம் வரை இயங்குமாறு செய்யப்படுபவையே என்பதால் தொட்டபெட்டா உச்சியிலேயே குடியிருந்தாலும் கவலையில்லை. கெடுதல் வருவது வேறு வழியில். நம் வீடுகளில் எந்த மின்பொருள் வந்தாலும் அதன் மேல் கையால் பின்னிய நூல் விரிப்பு ஒன்றைப் போட்டு, அதற்கு மேல் ஒரு பொம்மையையும் வைத்துவிடுவது வழக்கம். விசிறியற்ற பெட்டிக்கு அந்த விரிப்பு கம்பளிப் போர்வைக்குச் சமம். பெட்டியின் மேல் கை வைத்தால் இளஞ்சூடாக இருப்பது இயல்பு. நான்கு புறமும் ஒரு சாண் இடம் விட்டு, எதையும் போர்த்தாமல் வைத்தால் போதும். கணப்புக்கு மேலுள்ள மாடத்தில் மட்டும் வைக்காதீர்கள், புகைக்கரி தகடுகளுக்கிடையே படிந்துவிடும்.

விசிறியை நீக்கிவிட்டால் மிஞ்சும் ஒரே ஓசை உங்கள் ஹார்டு டிஸ்க்தான், உண்மையில் பெரும்பாலானோர் தோற்பதும் இங்கேதான். டிஸ்க் தன்னளவில் எழுப்பும் ஒலி சிறிது. அது வைக்கப்பட்ட பலகை அதைப் பெரிதாக்குகிறது. மரத்தளமும் மர அலமாரியும் உள்ள பழைய மலை வீடுகளில் இது வீணைக் குடம் போல வேலைசெய்யும். குன்னூரில் நான் குடியிருந்த வீட்டில், சுவரில் பதித்த மர அலமாரியில் டிஸ்க்கை வைத்தபோது பக்கத்து அறையில் படுத்திருந்தவர் ‘தண்ணீர் மோட்டாரை அணைக்கவில்லையா?’ என்று கேட்டார். டிஸ்க்கைக் கையில் தூக்கினேன், ஒலி நின்றுவிட்டது. கீழே வைத்தேன், மீண்டும் தொடங்கியது. பழைய சைக்கிள் டியூபில் இரண்டு வளையங்கள் வெட்டி அவற்றின் மேல் டிஸ்க்கை இருத்தியதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது. நீங்கள் வைத்திருப்பது தனி மின்னிணைப்பு தேவைப்படாத 2.5 அங்குல டிஸ்க் என்றால் இந்த டியூப் வைத்தியமே போதும். தனி அடாப்டரோடு வரும் 3.5 அங்குல வகை என்றால் அதைக் கூடத்தை விட்டே வெளியேற்றி, ரௌட்டர் இருக்கும் அறையில் ரௌட்டரின் யூ.எஸ்.பி. துளையில் செருகி, அங்கிருந்து கூடத்துக்கு ஒரு கேட் 6 வலையமைப்புக் கம்பி இழுத்துவிடுங்கள். வைஃபையை நம்பாதீர்கள், முக்கால் முழம் தடித்த கற்சுவர் இரண்டைக் கடந்து வரும்போது அதில் உயிர் இருக்காது.

மென்பொருளைப் பொறுத்தவரை விண்டோஸ் தேவையில்லை. 2002-இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்காகப் பிறந்து, 2014-இல் பெயர் மாற்றம் பெற்ற கோடி என்ற, படம் ஓட்டும் இலவச மென்பொருளை மட்டுமே இயக்குவதற்கென்று லிப்ரெஎலெக் என்ற சிறிய லினக்ஸ் இயங்குதளம் இருக்கிறது. அதை ஒரு பென்டிரைவில் ஏற்றிப் பெட்டியில் நிறுவினால், பொத்தானை அழுத்திய சிறிது நேரத்தில் நேராகப் படப் பட்டியலே வந்து நிற்கும். பல தொலைக்காட்சிகளில் இல்லாத டி.டி.எஸ். ஒலிமுறை இதில் இருப்பதால் உங்கள் ஊமைப் படங்களும் பேசும்.

வசனவரிச் சிக்கலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பிறமொழி வழிகாட்டிகளில் இது இருக்காது. கட்டங்கள் தெரிவது எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லாததால். எழுத்துகள் தெரிந்தும் ‘கொடு’ என்பதில் ஒற்றைக் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய்ச் சேர்ந்தால், அது எழுத்துகளைக் கோக்கும் பொறி சரியில்லாததால். கோடியின் 20-ஆம் பதிப்பு முதல் இரண்டாவது சிக்கலுக்கு இடமில்லை. முதலாவதைத் தீர்க்க நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற இலவச எழுத்துருவைக் கோடியின் எழுத்துரு அடைவில் போட்டு, வசனவரி அமைப்பில் அதைத் தேர்ந்தெடுங்கள். அதன் பின்னும் வரிகள் குழம்பினால், அந்த வசனவரிக் கோப்பைக் கணினியில் திறந்து எழுத்துகளைச் சேமிக்கும் பொதுமுறையான யூ.டி.எஃப்-8 வடிவில் மறுபடி சேமித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இன்னும் இரண்டு அமைப்புகளை முதல் நாளே மாற்றிவிடுங்கள். திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்களில் எடுக்கப்படுகிறது. தொலைக்காட்சியோ இயல்பாக நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கிறது. 24-ஐக் கொண்டு 60-ஐச் சமமாகப் பங்கிட முடியாததால், படத்தின் முடிவில் பெயர்கள் மேலே நகரும்போது அவை வழுக்கிச் செல்லாமல் தத்தித் தத்திப் போவதைப் பார்த்திருப்பீர்கள். கோடியில் திரையின் புதுப்பிப்பு வேகத்தைப் படத்துக்கேற்ப மாற்றும் அமைப்பை இயக்கிவிட்டால் அது நின்றுவிடும். மகளின் திருமணப் பதிவுக்கு இதில் தனிக் கணக்கு உண்டு: நம் நாட்டு கேசட்டுகள் நொடிக்கு 50 அரைச்சட்டங்கள் என்ற பால் (PAL) முறையில் பதிவானவை, ஒற்றை வரிகள் ஒரு முறை, இரட்டை வரிகள் மறுமுறை என்று வருவதால், மணமக்கள் அக்கினியை வலம் வரும்போது புடவை ஓரம் சீப்பின் பற்கள் போலப் பிளந்து தெரியும். டீஇன்டர்லேஸ் என்ற அமைப்பை இயக்கி, புதுப்பிப்பு வேகம் 50-இல் நிற்கிறதா என்று பாருங்கள். மற்றொன்று ஒலி. ஆறு தடங்களில் பதிவான ஒலியைத் தொலைக்காட்சியின் இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு இறக்கும்போது பேச்சு அமுங்கிச் சண்டை முழங்கும். ஒலி அமைப்பில், இரு தடமாக இறக்கும்போது மூல ஒலியளவைக் காப்பாற்றும் தேர்வை இயக்கிவிட்டால் பேச்சு மேலே வரும், நள்ளிரவில் ரிமோட்டோடு போராட வேண்டியதில்லை.

அந்த ரிமோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொலைக்காட்சியின் ரிமோட்டே இந்தப் பெட்டியையும் இயக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்; சிறு கணினிகள் பெரும்பாலானவற்றில் அந்த வசதி இல்லை. யூ.எஸ்.பி. துளையில் செருகும் சிறு ரிசீவரோடு வரும் மலிவான ரிமோட் ஒன்று போதும். நெட்ஃபிளிக்ஸ் முதலான கட்டணச் சேவைகளையும் யூடியூபையும் தொலைக்காட்சியின் சொந்த ஆப்களிலேயே பாருங்கள். லினக்ஸ் கணினியில் கட்டணச் சேவைகள் 4கே தெளிவைத் தருவதில்லை. அதற்காக மெனக்கெடுவது வீண்.

ஈரத்துக்கு வருகிறேன். உங்கள் பக்கம் மழை வலுப்பது ஐப்பசி, கார்த்திகையில். அப்போது பனிமூட்டம் கதவைத் திறந்தவுடன் அழைக்காத விருந்தாளியாக உள்ளே வந்துவிடும். சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்த பரப்பில்தான் ஈரம் நீராகப் படியும் என்பதால், சில பாகையேனும் சூடாக இருக்கும் கருவி தன்னைத் தானே காத்துக்கொள்ளும். எனவே அந்த இரண்டு மாதங்களும் பெட்டியை அணைக்காமல் விடுங்கள். சும்மா இருக்கையில் 8 வாட் என்று கொண்டால் மாதம் ஏறத்தாழ 6 யூனிட்தான் ஆகும். ஜீப்பிலோ பேருந்திலோ குளிரில் கொண்டுவந்த டிஸ்க்கைக் கதகதப்பான அறைக்குள் வந்தவுடன் இயக்காமல், ஒரு மணிநேரம் அப்படியே விட்டுவையுங்கள்.

மின்சாரம் போவதைவிட அது திரும்பி வரும் விதமே ஆபத்து. மின்னழுத்தம் ஏறி இறங்கினால் தானே சரிசெய்யும் 600 வி.ஏ. லைன் இன்டராக்டிவ் யு.பி.எஸ். ஒன்றை வாங்கிப் பெட்டியையும் டிஸ்க்கையும் ரௌட்டரையும் மட்டும் அதில் இணையுங்கள். தொலைக்காட்சியையும் சேர்த்தால் பேட்டரி அரைமணியில் தளர்ந்துவிடும். சித்திரை, வைகாசி இடிமழைக்கு யு.பி.எஸ். போதாது. என் வீட்டில் இடி இறங்கியது மின்கம்பி வழியாக இல்லை, கூரையிலிருந்த டிஷ் ஆன்டெனாவின் கம்பி வழியாக. செட்டாப் பாக்ஸும் அதனோடு இணைந்த எச்.டி.எம்.ஐ. வாயும் ஒரே நொடியில் போயின. வானம் உறுமத் தொடங்கியதும் அந்தக் கம்பியைத் திருகிக் கழற்றிவிடுங்கள். இணையம் கண்ணாடி இழை வழியாக வருகிறது என்றால் அந்த வழியில் மின்னல் வராது. வீட்டின் எர்த் இணைப்பை ஒரு மின்பணியாளரைக் கொண்டு அளந்து பாருங்கள். பாறை நிலத்தில் பதித்த எர்த் குழிகள் பெயரளவில் இருப்பதே மிகுதி.

உங்கள் 25,000 ரூபாயில் யு.பி.எஸ்., கம்பி, ரிமோட் எல்லாம் அடங்க வேண்டுமென்றால் பெட்டிக்கு அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒதுக்காதீர்கள். மிச்சம் பிடிக்க முடிந்தால் இரண்டாவது டிஸ்க் ஒன்றை வாங்கித் திருமணப் பதிவை அதிலும் ஒரு பிரதி எடுத்து, அதை இன்னொருவர் வீட்டில் வையுங்கள். மூலக் கேசட்டுகள் பரணில் இருந்தால் எடுத்து, மூடியைத் திறந்து நாடாவின் ஓரத்தைப் பாருங்கள். வெண்ணிறப் பூஞ்சை படிந்திருந்தால் அவற்றை வி.சி.ஆரில் போடவே வேண்டாம், நாடாவும் போகும், கருவியின் தலையும் போகும். பூஞ்சை இல்லாத கேசட்டுகள் இன்னும் மாற்றப்படாமல் இருந்தால், மகனின் பழைய கணினியைப் பின்னறையில் வைத்து அந்த வேலைக்குப் பயன்படுத்துங்கள். அங்கே அது எவ்வளவு வேண்டுமானாலும் இரையட்டும்.