ஒரே குறிஞ்சிக்கு இரண்டு பெயர், இரண்டு விலை

கேள்வி: பண்ணைக்காட்டில் வீடு கட்டி முடித்துவிட்டோம், முன்பக்கம் குறிஞ்சி வைக்க ஆசை. கொடைக்கானலில் ஒரு நர்சரியில் 'ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா' என்று அட்டை போட்டு 80 ரூபாய் சொல்கிறார்கள். இன்னொரு கடையில் 'பிளெபோபில்லம் குந்தியானம்', 450 ரூபாய், கேட்டால் இது அபூர்வ ரகம் என்கிறார். அங்கேயே 'நில்கிரியாந்தஸ் சிலியேட்டஸ்' என்றும் ஒன்று இருக்கிறது. எதை வாங்குவது?

பதில்: 450 ரூபாய் கொடுக்காதீர்கள். முதல் இரண்டும் ஒரே செடி, நம் நீலக்குறிஞ்சிதான். 1832-ல் நீஸ் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் வைத்த பெயர்தான் பிளெபோபில்லம். பிற்பாடு அதை ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் கூட்டம், செடிப் பெயரின் முதல் சொல் இதுதான்) சேர்த்தார்கள், 1944-ல் பிரெமெகாம்ப் என்ற டச்சுக்காரர் அந்தப் பெரிய பேரினத்தைப் பல துண்டாகப் பிரித்தபோது பழைய பெயர் திரும்பி வந்தது, அப்புறம் வந்தவர்கள் அந்தப் பிரிவினை நிற்காது என்று எல்லாவற்றையும் மறுபடி ஸ்ட்ரோபிலாந்தஸிலேயே சேர்த்துவிட்டார்கள். இத்தனைக்கும் மலையில் செடி மாறவே இல்லை. அட்டையில் இரண்டாவது சொல்லைப் பாருங்கள்: பேரினம் மாறினால் குந்தியானம், குந்தியானா என்று கடைசி எழுத்துதான் மாறும்.

சிலியேட்டஸ் நிஜமாகவே வேறு இனம். கருங்குறிஞ்சி என்பார்கள், மருந்துக்குப் பயன்படுவது. அதற்கும் இப்போது ஸ்ட்ரோபிலாந்தஸ் சிலியேட்டா என்றுதான் பெயர். நீலக்குறிஞ்சி கேட்டுப் போய் இதை வாங்கி வந்துவிடாதீர்கள்.

பழைய பெயரில் அட்டை இருப்பதே ஏமாற்று ஆகிவிடாது, பழைய புத்தகம் பார்த்து எழுதியிருக்கலாம். அதே செடியை வேறு ரகம் என்று சொல்லி விலை ஏற்றுவதுதான் தப்பு. 'வருஷா வருஷம் பூக்கும்' என்றாலும் நம்பாதீர்கள். நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருமுறை பூத்து, விதை விட்டு, பட்டுப்போகும். கொடைக்கானலில் 2006, 2018 என்று பூத்தது, அடுத்தது 2030.

விலையை விட எனக்குப் பெரிய கவலை, செடி எங்கிருந்து வந்தது என்பது. கவரைத் தூக்கி அடியில் பாருங்கள். விதையிலிருந்து வளர்த்ததென்றால் சல்லிவேர் ஓட்டை வழியாக எட்டிப் பார்க்கும், மண் கட்டியாகப் பிடித்திருக்கும். தண்டைப் பிடித்து அசைத்தால் லொடலொடவென்று ஆடி, வேர் வெட்டுப்பட்டிருந்தால் சோலை ஓரத்தில் பிடுங்கியதாக இருக்கலாம், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குறிஞ்சி வளர்கிற மலைப் புல்வெளியே குறைந்துகொண்டு வருகிறது, அதில் மிச்சமிருப்பதையும் நம் வீட்டு வாசலுக்காகத் தோண்ட வைக்கக் கூடாது.

வாங்கும்போது பில்லில் 'குறிஞ்சிச் செடி' என்று மட்டும் எழுத விடாமல் முழுப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே அந்த 450-ஐக் கொடுத்திருந்தால் பில்லோடு போய்ப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, வாங்கி 2 வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும்.