லாக் கோப்பை அழித்தும் டிஸ்க்கில் இடம் வரவில்லையே?

கேள்வி: சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் ஒரு சிறிய சரக்கு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஜாவா செயலி எல்லா லாக்கையும், அதாவது தான் செய்பவற்றின் பதிவுகளை, ஒரே கோப்பில் எழுதுகிறது. நேற்று விடியற்காலை டிஸ்க் நிரம்பி சர்வர் முடங்கியது. 40 ஜிபி இருந்த லாக் கோப்பை அழித்துவிட்டேன். இன்னும் டிஸ்க் நிரம்பியதாகவே காட்டுகிறது. ஏன்?

பதில்: நீங்கள் அழித்தது கோப்பின் பெயரை மட்டும்தான். லினக்ஸில் ஒரு கோப்பை எந்த நிரலாவது திறந்து வைத்திருக்கும்வரை அதன் இடம் விடுபடாது. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வாசலில் எண் பலகையைக் கழற்றிவிட்டால் உள்ளே இருப்பவர் காலி செய்துவிடுவாரா என்ன? உங்கள் செயலி பெயரில்லாத அந்தக் கோப்பில் இப்போதும் எழுதிக்கொண்டிருக்கிறது. எந்த நிரல் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்று காட்டும் 'எல்எஸ்ஓஎஃப்' கட்டளையை ஓட்டிப் பாருங்கள், அந்தக் கோப்பின் பக்கத்தில் 'டெலீட்டட்' என்று இருக்கும். செயலியை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினால் இடம் திரும்பிவிடும். அடுத்த முறை கோப்பை அழிக்காதீர்கள், 'ட்ரன்கேட்' கட்டளையால் அதன் அளவைப் பூஜ்யமாக்குங்கள்.

சரி, மறுபடி நிரம்பாமல் இருக்க வழி? பலரும் உடனே, பழைய லாக்கை ஒதுக்கிவிட்டுப் புதுக் கோப்பைத் தொடங்கும் 'லாக்ரொட்டேட்' என்ற கருவியை வைப்பார்கள். வைத்துவிட்டு மறந்தும் விடுவார்கள். அது வழக்கமாக நாளுக்கு ஒருமுறைதான் ஓடும். 'ஒரு ஜிபி தாண்டினால் மாற்று' என்று எழுதி வைத்தாலும், இரவு 2 மணிக்குக் கோப்பு வீங்கும்போது அதைப் பார்க்க ஆள் இருக்காது. மணிக்கு ஒருமுறை ஓடும்படி மாற்றினால்தான் அந்த வரம்புக்கு அர்த்தம். கோப்பை நகலெடுத்துவிட்டு மூலத்தைக் காலி செய்யும், அதிலுள்ள 'காப்பிட்ரன்கேட்' முறை எனக்குப் பிடிக்காது. நகலெடுப்பதற்கும் காலி செய்வதற்கும் நடுவில் வந்த வரிகள் தொலைந்துபோகும். கோளாறு நடந்த நொடியின் வரிகளே அவையாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

உங்களுடையது ஜாவா என்பதால் வேலையை, ஜாவா செயலிக்குள்ளிருந்தே லாக் எழுதும் 'லாக்பேக்' நூலகத்திடமே விட்டுவிடுங்கள். நாள்வாரியாகவும் அளவுவாரியாகவும் கோப்பைப் பிரித்துச் சுருக்கி வைக்கும். 'மேக்ஸ்ஹிஸ்டரி'யில் 14 நாள், 'டோட்டல்சைஸ்கேப்'பில் 5 ஜிபி என்று கொடுத்தால் பழையதைத் தானே தூக்கிப்போடும். ஆனால் ஒன்று: லாக்பேக்கும் லாக்ரொட்டேட்டும் ஒரே கோப்பில் கை வைக்கக் கூடாது. யாராவது ஒருவர்தான். லாக்குக்கு டிஸ்க்கில் தனிப் பகுதி (பார்ட்டிஷன்) கொடுத்தால், அது நிரம்பினாலும் டேட்டாபேஸ் பிழைத்துக்கொள்ளும்.

அப்புறம், 40 ஜிபி எப்படிச் சேர்ந்தது? சோதனைக்காகப் போட்ட, சின்னச் சின்ன விவரத்தையும் லாக்கில் எழுதும் 'டீபக்' அளவை யாரோ மாற்றாமல் விட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். அப்படியானால் வாடிக்கையாளர் அனுப்பிய படிவம் முழுவதும் லாக்கில் கொட்டியிருக்கும், அடையாள அட்டை எண் உட்பட. இதை அசட்டையாக விடாதீர்கள். 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்டால் அல்லது ஆளை மிக உறுதியாக அடையாளம் காண வேண்டியிருந்தால் ஒழிய, நிறுவனங்கள் அந்த எண்ணைத் திரட்டக்கூடாது என்பதே இங்குள்ள வழிகாட்டுதல். திரட்ட அனுமதி இருந்தாலும் அதை லாக்கில் வைத்திருக்கக் காரணமே இல்லை. ஓர் எழுத்து, ஏழு இலக்கம், ஓர் எழுத்து என்ற வடிவத்தைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால், எழுதும் இடத்திலேயே மறைத்துவிடுங்கள். சுருக்கி வைத்த பழைய கோப்புகளையும், பேக்கப்புக்குப் போனவற்றையும் தேடலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.