அம்மாவின் இரண்டாவது கணவரை மனசார ஏத்துக்க ஏலுமா?

கேள்வி கேட்டவர் தன்ட அம்மா மறுமணம் செய்யப் போறா, வாறவர எப்பிடி ஏத்துக்கிற எண்டு கேட்டிருக்கிறார். எனக்கு புத்தி சொல்லத் தெரியாது. நான் அப்பிடி ஒரு மனிசன்ட கையில வளந்தவள், அவரப் பத்தி எழுதுறன், கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக் கொள்ளுங்க.

எங்கட ஊர் மட்டக்களப்பு படுவான்கரை, வாவிக்கு மேக்கால இருக்கிற கரை, கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட. 1990ல அப்பாவ எடுத்துக்கொண்டு போனாங்க, எனக்கு அப்ப அஞ்சு வயசு. ஆர் எடுத்த எண்டு இங்க எழுதல்ல. அந்த வருசம் எங்கட மாவட்டத்தில எத்தினையோ வீட்டில அதே கதைதான். அம்மா அவரத் தேடத் தொடங்கினா, ஆனா தனியப் பொம்பள டவுனுக்குப் போறது லேசில்ல, மண்முனைத் துறையில அப்ப பாலமில்ல, பாதை ஏறித்தான் (ஆக்கள ஏத்திக் கடத்துற மிதவையத்தான் பாதை எண்டுற) ஆத்தக் கடக்கணும், அங்கால போனா செக்பொயின்ற், பஸ், மறுகா பின்னேரம் பாதை நிக்க முன்னம் திரும்பிடணும். அம்மம்மா ஏலாதவ, நான் சின்னப்புள்ள.

மாமா (நான் அவர மாமா எண்டுதான் கூப்பிட்ட, கடைசி வரைக்கும்) எங்களுக்கு அயல்ல இருந்தவர். ஆத்துல மீன்பிடி. தோணி ஒண்டு, ரெண்டு வலை, அதுதான் அவர்ட சொத்து. கலியாணம் முடிக்கல்ல. அம்மாவோட செஞ்சிலுவைக் கந்தோருக்கு முதல் போனதே அவர்தான், அதுவும் அம்மம்மா கேட்டதால. 94 கடைசியில சந்திரிகா அம்மையார் ஜனாதிபதியா வந்தாப்போல காணாமப் போன ஆக்கள விசாரிக்க ஆணைக்குழு போட்டாங்க இல்லையா, அதுக்கு எழுதிக் குடுக்க அலைஞ்ச நேரமும் அவர்தான் கூட. ஊர் கதைக்காம இருக்குமா, நல்லாத்தான் கதைச்சது. அம்மம்மா ஒருநாள் அவரக் கூப்பிட்டு, கதைக்கிறவன் எல்லாம் சோறு போடப் போறானா, நீ இஞ்ச வந்து இரு எண்டு சொல்லிட்டா. எங்கட பக்கம் வீடு பொம்புளட சீதனம், ஆம்புள தான் வந்து இருக்கிற வழக்கம், அதால வீட்டுக்கு வந்தத ஒருத்தரும் புதினமாப் பாக்கல்ல. தாலிதான் பிரச்சினை. அம்மாட கழுத்துல அப்பா கட்டின தாலி அப்பிடியே கிடந்தது, அவ கழட்டல்ல, அவரும் கழட்டச் சொல்லல்ல. சுவரில அப்பாட படமும் அப்பிடியே. பூசி வெள்ளையடிக்கிற நேரம் அத இறக்கித் துடைச்சு திரும்ப மாட்டுறதும் அவர்ட வேலையாத்தான் இருந்தது.

ஆள் எப்பிடி எண்டா, பெரிய பகிடிக்காரன். இளந்தாரியா இருக்கக்குள்ள வடமோடிக் கூத்துல, அது எங்கட பக்கத்து நாட்டுக்கூத்து, ஆடினவர், அதுவும் பொம்புள வேசம், பாஞ்சாலி. கறுத்து ஒல்லியான அந்த மனிசன் பாஞ்சாலியா ஆடினத நினைச்சாலே எனக்குச் சிரிப்பு வரும், ஆனா ஊர்ல வயசு போன ஆக்கள் இப்பவும் அந்த ஆட்டத்தச் சொல்லுவாங்க. வலை பொத்தக்குள்ள தாளம் போட்டுக்கொண்டு கூத்துப் பாட்டு இழுப்பார், கூத்துல சல்லரித் தாளத்த எப்பிடித் தட்டுவாங்களோ அதே மாதிரி சோத்துக் கோப்பையில தட்டி அம்மாட்ட ஏச்சு வாங்குவார். 78 கார்த்திகை 23 சூறாவளியில அவருக்குப் பதினாலோ பதினஞ்சோ வயசு, கூரை பறந்த பிறகு ராவிருட்டியா நெல்லுப் பெட்டிக்கடியில கிடந்தாராம், விடிஞ்சு பாத்தா ஊர்ல நிமிர்ந்து நிண்ட தென்னை இல்லையாம். அந்தக் கதைய ஒவ்வொரு தரமும் கூட்டிக் குறைச்சுத்தான் சொல்லுவார், பெட்டிக்கடியில கூட இருந்த எலிக்கு ஒருக்கா பேர் எல்லாம் வைச்சார்.

சுனாமியண்டு எங்கட கரைக்கு ஒண்டுமில்ல, கடல் பக்கம் இருக்கிற எழுவான்கரைதான் போச்சு. சத்தம் கேட்டு அவர் தோணியத் தள்ளிக்கொண்டு அங்கால போனவர், பின்னேரம் வரைக்கும் ஆக்கள ஏத்தி ஏத்தி இஞ்சால இறக்கினார். அதப்பத்தி மட்டும் கதை சொல்ல மாட்டார்.

நான் சொல்ல வந்த விசயம் இதுதான். யுத்தம் முடிஞ்சாப்போல 2010ல யுத்தத்தப் பத்தி விசாரிக்கப் போட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு மட்டக்களப்புக்கு வந்தது, 2014 பங்குனியில காணாமப் போன ஆக்களுக்கெண்டு போட்ட ஜனாதிபதி ஆணைக்குழு வந்தது, மண்முனைப் பாலம் திறந்தது அடுத்த மாசம், அதுவரைக்கும் எங்களுக்குப் பாதைதான். எல்லாத்துக்கும் அம்மாவக் கூட்டிக்கொண்டு போனவர் மாமாதான். கடிதம் எழுதத் தெரிஞ்ச ஆளப் பிடிச்சு எழுதுவிச்சு, போட்டோ கொப்பி அடிச்சு, அப்பாட அடையாள அட்டை இலக்கம், போட்டிருந்த சேட்டுட நிறம், கையில இருந்த தழும்பு எல்லாம் அவருக்கு மனப்பாடம். அம்மா அழுதுபோட்டுச் சொல்ல ஏலாம நிண்டா அவர்தான் மெல்ல எடுத்துக் குடுப்பார், தான் உயிரோட அவ்வளவா பழகாத ஒரு மனிசன்ட தழும்ப. அங்க இருக்கிறவங்க நீங்க ஆர் எண்டு கேட்டா, அயல், கூட வந்த எண்டு சொல்லுவார். பதினஞ்சு, இருவது வருசம் ஒரே வீட்டில இருந்தும் அங்க போனா அவர் அயல்தான். அப்பா கிடைச்சு வந்தா தனக்கு அந்த வீட்டில என்ன இடம் எண்டு அவருக்குத் தெரியாமலா, அது தெரிஞ்சுதான் பாதைக்குக் காசு குடுத்து ஏறினவர்.

2011 தை வெள்ளத்துல வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி, நாங்க பள்ளிக்கூடத்துக்கு ஓடக்குள்ள அவர் தலையில வைச்சுக்கொண்டு வந்தது அந்தக் கடுதாசிக் கட்டு, உரப்பையில சுத்தி. வலை ரெண்டும் போச்சு.

இதுக்குள்ள தங்கச்சிட விசயம் ஒண்டு இருக்கு. தங்கச்சி மாமாட சொந்த மகள், 98ல பிறந்தவள். அம்மாக்கும் மாமாக்கும் பதிவு இல்ல, எப்பிடிப் பதியிற, அப்பா செத்ததெண்டு பத்திரம் இல்லையே. பிறப்புப் பத்திரத்துல பெற்றார் விவாகம் செய்தவங்களா எண்டு ஒரு கூடு இருக்கு, அதுல இல்லை எண்டு விழுந்துட்டுது. 2010ல சட்டம் வந்தது, ஒரு வருசத்துக்கு மேல காணாமப் போனவருக்கு மரணப் பத்திரம் எடுக்கலாம் எண்டு, ஜீஎஸ்ஸும் (கிராம சேவகர்) நல்ல மனசோட வீட்டுக்கு வந்து சொன்னார், இத எடுத்தா நீங்க ரெண்டு பேரும் பதியலாம், புள்ளட பத்திரத்தையும் திருத்தலாம் எண்டு. அம்மா ஓம் எண்டும் சொல்லல்ல, ஏலா எண்டும் சொல்லல்ல, அடுப்படிக்குள்ள பெய்த்திட்டா. மாமா ஜீஎஸ்ஸுக்கு தேத்தண்ணி குடுத்து, “அவ எடுக்கிறண்டைக்கு எடுக்கட்டும் சேர், நாங்க அவசரப்பட்டு என்ன” எண்டு அனுப்பிட்டார். அவ எடுக்கல்ல. 2016ல செத்ததெண்டு சொல்லாம காணாமப் போனவர் எண்டே பத்திரம் எடுக்கலாம் எண்டு சட்டத்தத் திருத்தினாங்க, அதுக்கு மட்டும் அம்மா சம்மதிச்சா, அந்தப் போமையும் மாமாதான் வாங்கி வந்தார். அதால அவருக்கு ஒரு பிரயோசனமும் இல்ல, அத வைச்சுப் பதிய ஏலாது.

தங்கச்சிக்கு இதுல கோவம் இருந்தது, ஸ்கூல்ல போம் நிரப்புற ஒவ்வொரு நாளும் வந்து கத்துவாள், உங்களுக்கு அக்காட அப்பாதான் பெரிசு எண்டு. நியாயமான கோவம்தான், எனக்குப் பதில் இருக்கல்ல. மாமா சிரிச்சிட்டு அவளுக்கு இறால் உரிச்சுக் குடுப்பார்.

2022 ஆடியில மாமாக்குப் பக்கவாதம். பெற்றோல் இல்லாத காலம், ஊர்ல மோட்டார்சைக்கிள் வைச்சிருந்த பொடியன்கள் ஆளுக்குக் கொஞ்சம் போத்தல்ல இழுத்துத் தந்துதான் ஓட்டோவுக்கு ஊத்தி ஆசுபத்திரிக்குக் கொண்டு போனம். மூண்டாம் நாள் முடிஞ்சுது.

செத்தவீட்டு பேனருக்கு என்ன எழுதுற எண்டு அடிக்கிற கடையில கேட்டாங்க. நான் அம்மாவப் பாத்தன். அவவே சொன்னா, “அன்புக் கணவர் எண்டு போடு, எண்ட பேரப் போடு”. தங்கச்சி அந்த பேனர இன்னும் மடிச்சு அலுமாரியில வைச்சிருக்காள்.

அம்மாக்கு இப்ப முழங்கால் ஏலா. காணாமப் போன ஆக்கள்ட கூட்டம், பதிவு எண்டு எது நடந்தாலும் நான் வேலைக்குப் போறதால தங்கச்சிதான் கூட்டிக்கொண்டு போறாள், கடுதாசிக் கட்ட புது பைலுக்கு மாத்தி வைச்சிருக்கிறாள். போன தரம் அங்க இருந்த பொம்புளப்புள்ள, தேடுறவர் உங்களுக்கு என்ன முறை எண்டு கேட்டிரிக்கா. “அக்காட அப்பா, எண்ட அப்பாவும் இவரத் தேடினவர்தான், அவர் எழுதினதும் இதுக்குள்ள இருக்கு” எண்டு சொல்லி பைல நீட்டிரிக்காள். அந்தப் புள்ள விளங்காம முழிச்சதாம், முறை எழுதுற இடத்த வெறுமையா விட்டுட்டு மிச்சத்த நிரப்பினதாம்.